கேட்பவரும் கற்க வேண்டிய ஆங்கிலம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஊழியர்களுக்கென்று ஓர் உணவகம் இருந்தது. 1970களில் அங்கே பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிலர் புதிதாகச் சேர்ந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அவர்கள்மீது புகார் கிளம்பியது. சிடுசிடுக்கிறார்கள், ஒத்துழைப்பதில்லை, வாடிக்கையாளரை மதிப்பதில்லை என்று மேற்பார்வையாளர்கள் குறைப்பட்டார்கள். சாப்பிட வந்த சரக்குப் பிரிவுத் தொழிலாளர்களும் அதையே சொன்னார்கள். எல்லோரும் ஏன் தங்களிடம் முகத்தைக் கடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் இரு தரப்பும் பேசிக்கொண்டது நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி சொற்கள்தான்.

மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். இறைச்சி வாங்குபவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்பது பரிமாறுபவரின் வேலை. ஆங்கிலேயப் பெண் 'கிரேவி' என்ற சொல்லைக் குரல் உயர்த்தி முடித்தார். கேள்வி என்று யாருக்கும் விளங்கியது. புதிதாகச் சேர்ந்த பெண் அதே சொல்லைக் குரல் தாழ்த்தி முடித்தார். அவர் வளர்ந்த வழக்கில் அதுவும் கேள்விதான். ஆங்கிலேயர் காதிலோ அது, 'இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் போ' என்று விழுந்தது.

பதிவைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்களுக்கு முதலில் வேறுபாடே தெரியவில்லை. ஆங்கில ஆசிரியரும் மேற்பார்வையாளரும் விளக்கிய பிறகு, இத்தனை நாள் காரணம் தெரியாமல் பட்ட அவமதிப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு விளங்கியது. ஆங்கிலேயர் பேச்சில் தங்களுக்கு விசித்திரமாகப் பட்ட குரல் ஏற்ற இறக்கங்களை அவர்களே நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். கம்பர்ஸ் இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறார், அதுதான் இந்தச் சொற்பொழிவுக்கு முக்கியம்: அந்த அறையில் மேற்பார்வையாளர்களும் பாடம் கற்றார்கள். தாழ்ந்து முடியும் குரல் அந்தப் பெண்களின் இயல்பான கேட்கும் முறை, அதில் திமிரும் இல்லை, அலட்சியமும் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். இப்படிச் சில அமர்வுகளுக்குப் பின், வேலையிடத்தில் நிலைமை நன்றாகவே மாறியது. 1979இல் பிபிசி இந்த வகை ஆய்வுகளை வைத்து ஒரு கல்விப் படமே எடுத்தது. கம்பர்ஸின் நூல் 1982இல் வெளிவந்தது.

அந்த இரண்டாவது பாதி, அதாவது மேற்பார்வையாளர் கற்ற பாடம், ஆங்கிலம் கற்பிக்கும் உலகத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டது. பண்பாட்டு விழுமியங்கள் ஆங்கிலப் பேச்சைப் பாதிக்கின்றன என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் திருந்த வேண்டியவர் யார் என்றால் விரல் ஒரே பக்கம் நீள்கிறது: கற்றுக்கொள்பவர், குடியேறியவர், வேலை தேடி வந்தவர். பேச்சு இருவர் சேர்ந்து செய்யும் காரியம் என்னும்போது, புரிந்துகொள்ளும் பாரம் முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமும் அல்ல, பலனும் தராது.

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனி தாமஸ் 1983இல் எழுதிய கட்டுரை இந்தப் பாரத்தின் எடையைக் காட்டுகிறது. இலக்கணத்தில் தவறினால் 'பாவம், இவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது' என்று கேட்பவர் கழித்துவிடுகிறார். கேட்கும் விதத்தில், மறுக்கும் விதத்தில், மன்னிப்புக் கோரும் விதத்தில் தவறினாலோ, அதை அவர் மொழிப் பிழையாக எண்ணுவதே இல்லை. ஆளையே தவறாக எடைபோடுகிறார். இலக்கணம் சுத்தமாக இருக்க இருக்க இந்த ஆபத்து கூடுகிறது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் தெரியாமலா இப்படிப் பேசுவார் என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் வளாக நேர்காணல்களில் இது கண்ணெதிரே நடக்கிறது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது முதல் கேள்வி. தமிழ்வழியில் படித்து வந்த மாணவி ஊர்ப் பெயரைச் சொல்கிறார், அப்பா விவசாயி என்கிறார், அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், தம்பி பத்தாவது படிக்கிறான் என்கிறார். ஒருவரை அறிமுகப்படுத்துவதென்றால் அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதுதானே முறை? கேட்டவர் எதிர்பார்த்ததோ, அந்தப் பெண் தனியாளாக எதைச் சாதித்தார் என்பதை. அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. பெரியவர்கள் முன்னால் தன்னைத்தானே மெச்சிக்கொள்வது அழகல்ல என்று வளர்க்கப்பட்டவர் அவர். மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று விழுகிறது. கேள்வியின் நோக்கத்தை யாராவது முன்பே விளக்கியிருந்தால் விழாத மதிப்பீடு அது.

இப்படிப்பட்ட இடறல்களை ஆராயும் கோட்பாடுகளில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஒன்றின் வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது. பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவுப் பேச்சைப் பற்றி 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கிய ஆய்வு மூன்று மொழிகளை நம்பி நிற்கிறது: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்த்தால், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் லெவின்சன் கேட்டுப் பதிவு செய்த தமிழ். பிறர் தன்னை விரும்ப வேண்டும், பிறர் தன் வழியில் குறுக்கிடக் கூடாது என்ற இரு ஆசைகள் எல்லா மனிதருக்கும் உண்டு, அவற்றைக் காப்பதற்குத்தான் உலகமெங்கும் பணிவுச் சொற்கள் என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தக் கிராமத்துத் தமிழ் இன்னொன்றையும் காட்டியது. யார் யாரை 'நீ' என்பார், யார் யாரை 'நீங்க' என்பார் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒரே ஊர், ஒரே மொழி. ஆனாலும் பணிவின் பாரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. 'தமிழர் பண்பாடு இப்படி' என்று ஒரே வரியில் எழுத முயல்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

யோசிக்காமல் எழுதியவர்கள் பலர். பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் என்ற துறையின் தந்தையாகக் கருதப்படும் எட்வர்ட் ஹால், 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில் பாடம் நடத்தியவர். வெளிநாடு போகவிருந்த அலுவலர்களுக்குக் கோட்பாடு வேண்டியிருக்கவில்லை. உடனே உதவும் குறிப்புகள் வேண்டியிருந்தன. ஹால் நேரம், இடைவெளி, உடலசைவு என்று நுணுக்கமாகப் பார்த்து 1959இல் முதல் நூலை எழுதினார். துறை பிறந்தபோதே அதன்மேல் பயணக் கையேட்டின் சாயல் படிந்துவிட்டது.

அடுத்து வந்தவர் நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் நிரப்பி வாங்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை அலசி, 1980இல் நாடுகளுக்கு எண் கொடுத்தார். மேலே இருப்பவரின் அதிகாரத்தை எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவுகோலில் இந்தியாவுக்கு 77, பிரிட்டனுக்கு 35. 1986இல் அவரே இதை வகுப்பறைக்கும் பொருத்திக் கட்டுரை எழுதினார்: இந்த எண் உயர்ந்த நாடுகளில் ஆசிரியர் அழைத்தால்தான் மாணவர் பேசுவார் என்பது அதில் ஒன்று. நாட்டுச் சராசரியைத் தனி மனிதர் தலையில் ஒட்டக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட் எச்சரித்தார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தை அளக்க முடியுமா என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் கடுமையாகக் கேட்டார். எச்சரிக்கையும் கேள்வியும் நூலகத்தில் தங்கிவிட்டன. எண்கள் மட்டும் பயிற்சி அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

எண் சொல்லாததை வகுப்பறை சொல்லும். ஒரு மாணவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்ற சின்னக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு ஊர்களைப் பார்க்கலாம்.

முதல் ஊர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ். அங்குள்ள பழங்குடிக் குழந்தைகள் பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர்கள் வருந்தினார்கள். 1960களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்யப் போன சூசன் பிலிப்ஸ், அதே குழந்தைகளை வீட்டிலும் ஊர்க் கூட்டங்களிலும் சேர்த்துக் கவனித்தார். அங்கே ஒரு வேலையைக் கற்பது மூன்று படிகளில் நடந்தது. பிள்ளை முதலில் பெரியவர் செய்வதை நெடுநேரம் பார்க்கும். பிறகு பெரியவர் மேற்பார்வையில் அந்த வேலையில் பங்கெடுக்கும். கடைசியில் யாரும் பார்க்காதபோது தானாகச் செய்து பார்த்து, கைவந்துவிட்டது என்று தனக்கே உறுதியான பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டும். பள்ளி இதைத் தலைகீழாக்கியது. எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உடனே பதில் வர வேண்டும். தவறுவதும் எல்லோர் முன்னிலையிலும்தான். குழந்தைகள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல் குழுவாக வேலை செய்யச் சொன்னபோதோ, ஆசிரியரிடம் தனியே போய்க் கேட்க இடம் இருந்தபோதோ அதே குழந்தைகள் நன்றாகவே பேசினார்கள். பிலிப்ஸின் முதல் கட்டுரை 1972இல், நூல் 1983இல் வந்தது. வகுப்பில் குழு வேலை வேண்டும் என்று வாதிட்ட பலர் அதை ஆதாரமாகக் கொண்டார்கள்.

இரண்டாவது ஊர் நமக்கு அருகில். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டம் உலகம் முழுவதும் 'பெங்களூர்த் திட்டம்' என்று அறியப்படுகிறது. இலக்கண விதிகளை வரிசைப்படுத்திப் பாடம் நடத்தாமல், ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டி பொருந்தும் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்ற பணிகளைக் கொடுத்து, அவற்றின் ஊடாக மொழி படியட்டும் என்று விட்டார்கள். இன்று பணிவழிக் கற்பித்தல் என்று எங்கும் பேசப்படுவதற்கு முன்னோடி இது. உலகமே குழு வேலையை வலியுறுத்திய காலத்தில் பிரபு அதைத் தம் திட்டத்தில் புகுத்தவில்லை. பிழையான ஆங்கிலம் பிள்ளைகளுக்குள்ளேயே சுற்றி இறுகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று மனித மனம் சார்ந்தது: தன் வயதுப் பிள்ளைகள் முன்னால் தோற்பதும் அவர்களை நம்பியிருப்பதும் ஆசிரியர் முன்னால் தோற்பதைவிட அதிகமாக வலிக்கிறது. ஆசிரியருக்குத் தன்னைவிட அதிகம் தெரியும் என்பதில் பிள்ளைக்கு அவமானம் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத் தெரியும் என்பதில்தான் அவமானம். விரும்பிச் சேர்ந்து செய்தால் பிரபு தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

வார்ம் ஸ்பிரிங்ஸில் வாயைத் திறக்கவைத்த அதே உத்தி, இங்கே வாயை அடைத்துவிடுமோ என்று பிரபு ஐயுற்றார். இரண்டு இடத்திலும் பிள்ளை காக்க நினைப்பது தன்மானத்தைத்தான். அதற்கு யார் முன்னிலையில் பங்கம் வரும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. இதைப் பண்பாடு என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. நாட்டுக்கு ஒரு எண் கொடுத்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. ஒவ்வொரு வகுப்பையும் அதன் பிள்ளைகளையும் கூர்ந்து பார்த்தவருக்குத்தான் படும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று இல்லை என்று 1990இல் பிரபு எழுதிய கட்டுரை, அந்தக் கூர்ந்த பார்வையிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான பி. குமாரவடிவேலு 2003இல் இன்னொரு பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆசிய மாணவர் ஆசிரியருக்குக் கீழ்ப்படிபவர், விமரிசனச் சிந்தனை இல்லாதவர், வகுப்பில் பங்கெடுக்காதவர் என்ற மூன்று முத்திரைகளும் ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களில் ஆதாரமில்லாமலே சுற்றி வந்தன என்று காட்டினார். அதற்கு முன்பே, 2000இல், வில்லியம் லிட்டில்வுட் 8 ஆசிய நாடுகளிலும் 3 ஐரோப்பிய நாடுகளிலும் மாணவர்களிடமே கேட்டுப் பார்த்தார். ஆசிரியரைக் கேள்வி கேட்கக் கூடாதவராக நினைக்கிறீர்களா, தேடிக் கண்டுபிடிப்பதைவிட அவர் சொல்லித் தருவதைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறீர்களா என்பவை கேள்விகள். ஆசிய மாணவர்கள் பொதுவாக 'இல்லை' என்றே சொன்னார்கள். இரு கண்டங்களின் சராசரிகளுக்கிடையே இருந்த இடைவெளியும் சிறியதுதான். அப்படியானால் வகுப்பின் அமைதிக்குக் காரணம் மாணவரின் மனத்தில் இருப்பதைவிட, வகுப்பு நடத்தப்படும் விதத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சான்று. போர் நடந்துகொண்டிருந்த 1990–91 கல்வியாண்டில் சுரேஷ் கனகராஜா அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். கையில் இருந்த பாடநூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. விமானப் பயணமும் பெரிய கடைகளும் அமெரிக்க நகர வாழ்க்கையுமாக அதன் பக்கங்கள் இருந்தன. மாணவர்கள் வகுப்பில் எதிர்ப்பெதுவும் சொல்லவில்லை. ஆனால் நூலின் ஓரங்களில் எழுதினார்கள், வரைந்தார்கள். தமிழ்ச் சினிமா அங்கே வந்தது, காதல் வந்தது, அவர்களைச் சூழ்ந்திருந்த அரசியலும் போராட்டமும் வந்தன. மேசைமேல் வைத்த புத்தகத்தோடு வாய்பேசாமல் நடந்த உரையாடல் அது. அதே மாணவர்கள் உரையாடல் பயிற்சிகளைவிட இலக்கணக் குறிப்பையே கேட்டு வாங்கினார்கள். தேர்வுக்கு அது போதும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கனகராஜா அதற்குள் வேறொன்றையும் கண்டார்: விதிகளை மட்டும் கற்றால், அந்தப் புத்தகம் காட்டும் வாழ்க்கையை ஏற்காமலே மொழியை எடுத்துக்கொள்ளலாம். 1993இல் கட்டுரையாகவும் 1999இல் நூலின் பகுதியாகவும் வந்த இந்த ஆய்வைப் பயிற்சிக் கல்லூரிகள் கட்டாயம் படிக்க வைக்க வேண்டும். 'மாணவர்க்கு ஆர்வமில்லை' என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன், அவர்கள் புத்தக ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் புரட்டிப் பார்க்கலாம்.

வகுப்பறையில் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் குறையும். நீதிமன்றத்தில் வாழ்க்கையே போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ராபின் கினா என்ற பழங்குடிப் பெண், உடன் வாழ்ந்தவரைக் கொன்ற குற்றத்துக்காக 1988இல் ஆயுள் தண்டனை பெற்றார். விசாரணையில் அவர் சாட்சி சொல்லவே இல்லை. அந்த மனிதர் அவரை ஆண்டுக்கணக்கில் வதைத்ததும், வீட்டிலிருந்த சிறுமியைக் கெடுக்கப்போவதாக மிரட்டியதும் நீதிமன்றத்துக்குத் தெரியாமல் போயின. அவருடைய தாய்மொழி ஆங்கிலம்தான். பழங்குடியினர் பேசும் ஆங்கிலம். அவர்கள் பேச்சு வழக்கில், கனமான விஷயத்தை நேர்க் கேள்வி கேட்டுப் பிடுங்குவதில்லை. தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி, மற்றவர் சொல்வதற்கு நேரம் கொடுத்து, இடையில் வரும் நீண்ட மௌனத்தைப் பொறுத்திருந்து கேட்பார்கள். வழக்கறிஞர்கள் கேள்விமேல் கேள்வி அடுக்கினார்கள். மௌனம் வந்ததும் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினார்கள். மொழியியலாளர் டயானா ஈட்ஸ் இதை விளக்கி அளித்த சாட்சியமும் சேர்ந்து, 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அதற்கு முந்தைய ஆண்டே ஈட்ஸ் வழக்கறிஞர்களுக்கென்று ஒரு கையேடு எழுதியிருந்தார். பழங்குடியினர் கேள்வி புரியாவிட்டாலும், உடன்பாடு இல்லாவிட்டாலும், அதிகாரத்தில் உள்ளவர் திரும்பத் திரும்பக் கேட்டால் 'ஆம்' என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு, அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் எச்சரித்திருந்தார். பின்பு நடந்தது நெஞ்சை அறுப்பது. 1994இல் பிரிஸ்பேன் நகரில் 12, 13, 14 வயதுள்ள மூன்று பழங்குடிச் சிறுவர்களை ஆறு காவலர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பிங்கென்பா என்ற ஆளரவமற்ற இடத்தில் இரவில் இறக்கிவிட்டார்கள். காவலர்கள்மீது வழக்கு வந்தது. சிறுவர்கள் தாமாகவே வண்டியில் ஏறினார்கள் என்று நிறுவ எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அடுக்கடுக்காகக் கேட்டார்கள். சிறுவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்றார்கள். 1995இல் குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாயின. எந்தப் பண்பைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கையேடு எழுதப்பட்டதோ, அதே பண்பு சிறுவர்களுக்கு எதிரான ஆயுதமானது என்று ஈட்ஸ் பின்னாளில் விரிவாக எழுதினார். பிறர் பண்பாட்டைப் பற்றிய அறிவு தானாக நன்மை செய்துவிடாது. அந்த அறிவு யார் கையில் இருக்கிறது, அதை நெறிப்படுத்த விதி இருக்கிறதா என்பதும் முக்கியம்.

விதி இருக்கும் துறை ஒன்று உண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானக் குழுவுக்கு ஆங்கிலம் போதாமையும் காரணங்களில் ஒன்று என்று பேசப்பட்டது. அதன் பிறகு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் தரைக்கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் 6 படிகள் கொண்ட ஆங்கிலத் தகுதி அளவுகோலை 2003இல் ஏற்றது. 2008 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது 4ஆம் படி வேண்டும். அந்த விதிகளுக்கான கையேடு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் கடமை விதிக்கிறது: வட்டார வழக்கையும் மரபுத்தொடரையும் தவிர்க்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், மற்றவருக்குப் புரிந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். வானில் பொறுப்பு இருவருக்கும் உண்டு.

தரையில் நேர்காணல் நடத்துபவருக்கு அப்படி ஒரு கடமை எங்கும் எழுதப்படவில்லை. பயிற்சி முழுவதும் மாணவருக்குத்தான். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கைகுலுக்க வேண்டும், எப்படித் தன்னை விற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். ஆள் எடுக்க வரும் நிறுவனங்களிடம் கல்லூரிகள் சிலவற்றைத் துணிந்து கேட்கலாம். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்குப் பதில் 'நீங்கள் செய்த ஒரு வேலையை, அதில் வந்த சிக்கலை விளக்குங்கள்' என்று கேட்கச் சொல்லலாம். பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருக்கச் சொல்லலாம். 'தன்னம்பிக்கை' என்ற கட்டத்தில் எதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். ஒரு பருவத்தின் முடிவுகளை வைத்துக்கொண்டு, தமிழ்வழி மாணவர்கள் எந்தக் கேள்வியில் கழிக்கப்பட்டார்கள் என்று வேலைவாய்ப்புப் பிரிவே பார்த்தால், அடுத்த பருவத்தில் நிறுவனங்களிடம் எதைப் பேச வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.